சும்மாடு இல்லாத ஒரு மணி நேரம்

ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். எங்கள் மையத்தில் ஊசி குத்துவது சுலபம், மிஷினுக்குள் ஆளைத் தள்ளுவது அதைவிடச் சுலபம். உப்பளத்துப் பெண்களை அந்த ஒரு மணி நேரம் கட்டிலில் கிடத்துவதுதான் ஆகாத காரியம்.

போன மாதம் ஒருத்தி, நான் கதவைச் சாத்தியதும் எழுந்து போய்க் கழிவறையைக் கழுவி ஊற்றினாள். இன்னொருத்தி அலமாரியில் இருந்த விரிப்புகளையெல்லாம் உதறி மறுபடி மடித்து அடுக்கினாள். தண்ணீர்க் கேனை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தூக்கி வைத்துவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தவளும் உண்டு. கேமராவில் பார்த்து நான் மைக்கில் கத்துவேன். "என்ன செய்ய தாயி, சும்மா கெடக்க ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள்.

"விடும்மா" என்பார் டாக்டர் கோமதிநாயகம். "நாம பாக்குறது மூளைய. கை கால் ஆடுனா மூளைப் படம் கெட்டுறாது."

அவர்தான் மையத்துக்குப் பெரியவர். ஓய்வு பெறும் வயது தாண்டியும் வேறு டாக்டர் கிடைக்காததால் இருக்கிறார். நான் படம் எடுக்கிறவள். பெயர் அருள்வடிவு.

வலிப்படம் வந்து ஆறு வருடம் ஆகிறது. மருந்தில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும். ரத்தத்தோடு மூளைக்குப் போய், வலியை உணர்கிற இடங்களில் ஒட்டிக்கொள்ளும். வலி எவ்வளவோ அவ்வளவு ஒட்டும். ஒட்டினது வெளிச்சமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தை மிஷின் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு எண்ணாக்கிக் கொடுக்கும். அதற்கு முன்பு கூலிக்காரன் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், அதிகாரி அதை நம்ப வேண்டும். இனி யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஓய்வு வாரியம் அந்த எண்ணைச் சட்டமாக்கியது. ஐம்பது வயது தாண்டிய கூலித் தொழிலாளிக்கு எண் நாற்பதுக்கு மேல் வந்தால் ஓய்வுச் சீட்டு. சீட்டு இருந்தால் வேலையை விட்டுவிட்டு, அளத்துக்காரர் கொடுத்த வரிசை வீட்டிலேயே சாகும்வரை இருக்கலாம். சீட்டு இல்லாமல் வேலையை விட்டால் மறுநாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆளுக்கு மூன்று தடவை படம் எடுத்துப் பார்க்கலாம். நாலாவது கிடையாது. சீட்டு வாங்கினவர்கள் மட்டும் ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வந்து, எண் இறங்கவில்லை என்று படத்தில் காட்ட வேண்டும்.

கழுத்துப் பிடிப்பு என்று காசு கட்டிப் படம் எடுக்க வந்த வங்கி மேலாளருக்கு அறுபத்து மூன்று வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு போன பள்ளிக்கூடக் கிளார்க்குக்கு ஐம்பத்தொன்று. உப்பளத்துப் பெண்களுக்குப் பன்னிரண்டு, ஒன்பது, ஏழு. குதிகால் பிளந்து, முட்டி தேய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவளுக்கு ஏழு. 'வேலைக்குத் தகுதி' என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார். நான் முத்திரை குத்துவேன்.

உப்பு அள்ளவும் மிஷின் வந்துதான் பார்த்தது. உப்பு அதைத் தின்று எட்டே மாதத்தில் நிறுத்திவிட்டது. ஆள் என்றால் முப்பது வருடம் ஓடும்.

எங்கம்மா பட்டுராணிக்குப் பதினான்கு வந்தது. அந்தப் படத்தை எடுத்தவள் நான்தான். முத்திரை குத்தியதும் நான்தான். இரண்டு வருடம் கழித்து, உப்பு அம்பாரத்தின் பாதி ஏற்றத்தில் தலையில் உப்புப் பெட்டியோடு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பழகிப்போச்சும்மா" என்று அம்மாவுக்குப் படம் எடுத்த அன்றைக்கே டாக்டர் விளக்கம் சொன்னார். "முப்பது வருஷம் ஒரே கதவத் தட்டுனா உள்ள இருக்கவன் காதப் பொத்திக்கிடுவான். அவங்க மூளை காதப் பொத்திக்கிட்டு."

"அப்போ வலி இல்லங்கிறீங்களா சார்?"

"தெரியலங்கேன். தெரியாத வலிக்கு வாரியம் சீட்டுக் குடுக்காது."

*

சண்முகக்கனி மூன்றாவது தடவையாக வந்தது ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை. ஐம்பத்து மூன்று வயது. முப்பத்து நான்கு வருட அளத்து வேலை. அம்மாவோடு ஒரே பாத்தியில் நின்றவள் என்பதால் எனக்குச் சித்தி. புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான், அவன் கூலி அவனுக்கே போதவில்லை.

"ஏட்டி அருளு, ஒம் மிஷினு இன்னிக்காவது கண்ணத் தொறக்குமா, இல்ல மொதலாளி வீட்டுச் சோத்தத் தின்னுட்டுத் தூங்கிருமா?"

"மெதுவாப் பேசுங்க சித்தி, டாக்டர் இருக்காரு."

"இருக்கட்டும். அவரு தலையில ஒரு நாளு என் உப்பத் தூக்கி வச்சிப் பாத்தா தெரியும். ரெண்டு தடவ வந்தேன். மொத தடவ பதினொண்ணு. ரெண்டாந்தடவ ஒம்பது. இன்னிக்கு மைனஸ்ல போயி நான் மிஷினுக்குக் கடன் வச்சிட்டுப் போப்போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் போன மாதம் வரப்பில் பெட்டியோடு விழுந்திருக்கிறாள். வர்ற சீசனுக்கு ஆள் பட்டியலில் அவள் பெயர் இருக்காது என்று கங்காணி சொல்லிவிட்டான். இன்றைக்கு நாற்பதைத் தாண்டவில்லையென்றால் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மருந்து மதுரையிலிருந்து ஈயப் பெட்டியில் வரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதன் சத்து பாதியாகிவிடும். பேசிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தினேன். உப்புத் தண்ணீரில் கிடந்த தோல், ஊசி வழுக்கிக்கொண்டு போனது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"இன்னிக்காவது அசையாமக் கெடங்க. போன தடவ நல்லாக் கெடந்தீங்கல்லா, அதே மாதிரி."

"கெடந்தேனா? செத்துப்போனேன்ட்டி." துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொன்னியேன்னு கண்ண மூடிக் கெடந்தேன். ஒரு அஞ்சு நிமிசந்தான். காலுல புடிச்ச வலி கழுத்து வரைக்கும் ஏறி, மூச்சு முட்டிட்டு. பொறவு இந்தத் துண்டச் சுருட்டிச் சும்மாடா ஆக்கி, உச்சந்தலையில வச்சி, அந்தச் செவுத்துல முட்டுக் குடுத்துக்கிட்டேன். அமுக்க அமுக்க அடங்கிட்டு."

"எது அடங்கிட்டு?"

"வலிதான், வேற என்ன? தலையில பாரம் ஏறிட்டா ஒண்ணுந் தெரியாதுல்லா. ஒங்கம்மாகிட்டக் கேட்டிருந்தாச் சொல்லிருப்பா."

சொல்லிக்கொண்டே கை தன் பாட்டுக்குத் துண்டைச் சுருட்டியது. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நுனியை உள்ளே செருகல். சும்மாடு முடிந்துவிட்டது.

நான் ஊசியைக் கையில் வைத்தபடி நின்றேன். அம்மா படம் எடுக்க வந்த அன்று ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தாள். ஒரு மணி நேரமும் கட்டிலில் கிடந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை ஆடினால் மூளைப் படம் கெடாது என்று நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கூட்டு வைத்தோம்.

சித்தியை ஓய்வு அறையில் விட்டுவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினேன்.

"சார், நம்ம மிஷினு எடுக்கிறது எந்த நேரத்து வலிய? படம் எடுக்கிற நேரத்துலயா, ஊசி போட்டுக் கெடக்கிற நேரத்துலயா?"

"கெடக்கிற நேரம். மருந்து ஒட்டுறது அப்பத்தான. பொறவு படுக்கப் போட்டு எடுக்கிறது சும்மா போட்டோ." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"அந்த நேரத்துல இவங்க ஒருத்தரும் சும்மா கெடக்கல சார். கழுவுறாங்க, மடிக்கிறாங்க, பாரம் சொமக்கிறாங்க. வேல செஞ்சா வலி அமுங்குது. அமுங்குனதத்தான் நாம இத்தன வருசமாப் படம் எடுக்கோம். காதப் பொத்துனது அவங்க மூளை இல்ல சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். கேமராத் திரையில் சண்முகக்கனி கட்டிலை விட்டு எழுந்து, ஜன்னல் கம்பியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கைகாலக் கட்டிப்போடச் சட்டத்துல இடமில்ல" என்றார்.

"நான் போயிப் புடிச்சிக்கிடுதேன்."

"ஊசி போட்ட ஆளு பக்கத்துல ஒரு மணி நேரமா? அந்தம்மா ஒடம்பே இப்போ கதிர்வீச்சு. ஒரு நாள் பரவாயில்ல. வாரவங்களுக்கெல்லாம் இப்படி உக்காந்தா மூணு மாசத்துல ஒன் பேட்ஜு கணக்குத் தாண்டிரும். அப்புறம் ஒன்ன வேலைக்கு வைக்க முடியாது."

சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன். உடம்பு எவ்வளவு வாங்கியது என்று கணக்கு வைக்கிற சின்ன வில்லை அது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "நாப்பத்தெட்டு நிமிசம் இருக்கு" என்றார்.

*

உள்ளே போனதும் முதலில் சும்மாட்டைப் பிடுங்கினேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"படுங்க சித்தி. ரெண்டு கையையும் குடுங்க."

"கலியாணமா பண்ணப்போற?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி நடு அறைக்கு இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் என் கைக்குள் வைத்துக்கொண்டேன். காய்ப்பு ஏறிய உள்ளங்கை, மீன் செதில் மாதிரி அறுத்தது.

முதல் ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசினாள். கங்காணி மகள் ஓடிப்போனது, ரேஷன் கடைக்காரன் பல் விழுந்தது. பிறகு பேச்சு இடையில் நின்றது. கால் விரல்கள் தானாக மடங்கின. நெற்றியில் வேர்வை அரும்பியது.

"கைய விடு, ஒரு நிமிசம். முதுகச் சொறிஞ்சிட்டுத் தாரேன்."

"எங்கன்னு சொல்லுங்க, நான் சொறியுதேன்."

"சனியனே, விடுட்டி."

விடவில்லை. கால் எரிகிறது என்றாள். முட்டிக்குள் யாரோ உப்பை அரைக்கிறார்கள் என்றாள். இருபது நிமிடத்தில் கழுத்து. அப்புறம் இடம் சொல்வதை விட்டுவிட்டாள். ஒரு மாதிரிக் கத்தினாள், பிள்ளை பெறுகிறவள் கத்துவது போல, ஆனால் முடிவில்லாமல். என் அம்மாவை இழுத்துத் திட்டினாள். என் கையைக் கடிக்கப் பார்த்தாள். கட்டிலில் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தபோது, என் முழுப் பாரத்தையும் அவள் மேல் சாய்த்து அழுத்தினேன். முப்பத்து நான்கு வருடமாக அவள் தலையில் வைத்து அமுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மணி நேரத்தில் இறங்கியது. நான் அந்தப் பாவத்தைத் தெரிந்தேதான் செய்தேன்.

கடைசியில் கத்தவும் தெம்பில்லாமல், கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓட, மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "எம்மா, இவ்வளவா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

படம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

எண்பத்தெட்டு.

டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது வலியா, நீ அமுக்கிப் புடிச்சதுல வந்த கோவமான்னு வாரியத்துல கேப்பாங்க."

"என்ன சொல்லுவீங்க சார்?"

"கோவம் வேற இடத்துல எரியும். இது வலிதான்." கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை. "ஆறு வருசத்துல எத்தன பேர வேலைக்குத் தகுதின்னு அனுப்பிருப்போம்?"

"நானூறு இருக்கும் சார்."

"ம்" என்றார். பேட்ஜை எடுத்து என்னிடம் நீட்டினார்.

சண்முகக்கனி சீட்டை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "துண்டத் தா" என்றாள். கொடுத்தேன்.

*

அதற்குப் பிறகு மேலும் ஆறு பேரைப் பிடித்து உட்கார்ந்தேன். எழுபது, எண்பத்தொன்று, அறுபத்தாறு, இப்படி வந்தது. ஆறு பேருக்கும் சீட்டு. அடுத்தது யார் என்று வரிசை வீடுகளில் பேச ஆரம்பித்திருந்தார்கள். என் பேட்ஜ் பாதி நாள் டாக்டர் மேஜையிலேயே கிடந்தது.

ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சித்தியைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் உரலடியில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி எங்க மதினி?"

"அளத்துல நிக்கா."

"அளத்துலயா? சீட்டு வாங்குனவ வேல செய்யக் கூடாதுல்லா. தெரிஞ்சாப் புடுங்கிருவாங்களே."

"அவ பேர்ல செய்யல. எம் பேர்ல செய்யுதா. எனக்கு ஒடம்பு சரியில்ல, கூலி எனக்கு வந்துரும்." தங்கபுஷ்பம் தலையைத் தூக்கவில்லை. "அவ ஒரு பைசா வாங்க மாட்டேங்கா. நானாக் கூப்பிடல பாத்துக்க. அவளாத்தான் வந்து கேட்டா."

போனேன். காலை பத்து மணிக்கே அளம் கண்ணைக் கூச வைத்தது. மழைக்கு முன்னால் வாரி முடிக்க வேண்டும் என்று எல்லாப் பாத்தியிலும் ஆள் நின்றார்கள். வரப்பு ஓரத்தில், உப்பு நிறைந்த கடகப்பெட்டிக்குப் பக்கத்தில், சண்முகக்கனி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் கோணிக் கிடந்தது. அன்றைக்குக் கட்டிலில் பார்த்த அதே முகம்.

"சித்தி."

நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"வந்துட்டியா. சீட்டு வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு."

"எதுக்கு இங்க வந்தீங்க? வீட்ல இருக்கத்தான இத்தன பாடு?"

"இருந்தேன்ட்டி. பத்து நாளு இருந்தேன். நீ ஒரு மணி நேரந்தான புடிச்சிக்கிட்டிருந்த? வீட்ல காலைல முழிச்சா பொழுது அடையுற வரைக்கும் அதே கத. முன்னாடி ராத்திரி அலுத்து விழுந்தா ஒறக்கம் வந்துரும். இப்போ அதுவும் இல்ல." மூச்சு வாங்கினாள். "முன்னாடி அது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. நீதான காட்டுன."

மாத்திரை எழுதித் தரச் சொல்லலாம் என்றேன். டாக்டரிடம் கேட்கிறேன் என்றேன். அவள் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"கங்காணி ஒண்ணும் சொல்லலியா?"

"அவனுக்கென்ன? பட்டியல்ல இல்லாத ஆளு விழுந்து செத்தாக் கேக்க நாதி இல்ல. சந்தோசமா இருக்கான்." துண்டை எடுத்துச் சுருட்டினாள். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு. "ஆறு மாசங்கழிச்சி மறுபடி படம் எடுக்கணுமாம்லா, சீட்டு நிக்கணும்னா?"

"ஆமா."

"அன்னிக்கு வாரேன். வந்து கையப் புடிச்சிக்க. கடிச்சாலும் விட்டுறாத."

சும்மாட்டைத் தலையில் வைத்து, கால்களை அகட்டி நின்றுகொண்டாள். நிறைந்த பெட்டியை ஒருத்தி தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரில் இன்னொருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். மற்றவர்கள் தூரத்துப் பாத்திகளில் நின்றார்கள், பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"நின்னுக்கிட்டு என்ன பாக்க? வலி தாங்கலட்டி. தூக்கி விடு."

குனிந்தேன். பெட்டியின் விளிம்பைப் பிடித்தேன். சின்ன வயதில் அம்மாவுக்குத் தூக்கிவிட்டது, இருபது வருடம் கழித்தும் கை மறக்கவில்லை. தொடையில் ஒரு தாங்கு, நெஞ்சில் ஒரு தாங்கு, அப்புறம் மேலே. முப்பது கிலோ இருக்கும். அவள் தலையில் வைத்துக் கையை எடுத்தேன்.

முகம் மெல்ல மெல்ல இளகியது. கோணியிருந்த வாய் நேரானது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. அந்த நேரத்தில் படம் எடுத்திருந்தால் ஒன்பதுதான் வந்திருக்கும்.

"இப்போதான் உசுரு வருது" என்று சொல்லிவிட்டு, அம்பாரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.